பெயர் எழுதச் சொன்ன ஆசிரியை

1945 ஆகஸ்ட் மாதக் கடைசியில் வில்லி குரோக் என்பவர் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ப்ராக் நகரத்து யூத சமூக அலுவலகத்துக்கு வந்தார். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரசீன் முகாமில் சிறுமியர் விடுதி ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்து உயிர்பிழைத்தவர் அவர். பெட்டிகளுக்குள் துணிமணி இல்லை, பாத்திரம் இல்லை. முழுக்கக் காகிதம். குழந்தைகள் வரைந்த ஏறத்தாழ 4,500 படங்கள். வீடுகள், புல்வெளி, பட்டாம்பூச்சி, மேசைமேல் பூச்சாடி, நடுநடுவே மூன்றடுக்குக் கட்டில், சூப்புக்கு நிற்கும் வரிசை. மிகப் பலவற்றின் ஓரத்தில், குழந்தையின் கையெழுத்தில், ஒரு பெயர்.

வரையவைத்தவர் ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற வியன்னா ஓவியர். அவர் கதையைப் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொல்லிவருகிறார்கள்: சாவின் நிழலில் குழந்தைகளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் கொடுத்த நல்ல உள்ளம். பொய்யில்லை. ஆனால் இப்படிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது, அவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்ற கேள்வி கைநழுவிப் போகிறது. அந்த வகுப்பில் பாடம் இருந்தது. பாடத்துக்கு முறை இருந்தது. அந்த முறை கால் நூற்றாண்டு முன்பே வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக உருவானது. அதைத் தேடிப் போவதே இந்த ஆய்வின் வேலை.

காகிதக் கடையிலிருந்து வைமார் வரை

ஃப்ரீடில் 1898 ஜூலை 30 அன்று வியன்னாவில் பிறந்தார். நான்கு வயதில் தாய் இறந்துவிட்டார். தந்தை சிமோன் டிக்கர் எழுதுபொருள் கடை ஒன்றில் வேலை பார்த்தவர். தாயில்லாப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் என்று வாய்த்தது காகிதமும் பென்சிலும் வண்ணமும்தான். பிற்காலத்தில் கிழிசல் காகிதத்துக்கும் வழியில்லாத இடத்தில் அவர் எப்படி வகுப்பெடுத்தார் என்று வியப்பவர்கள் இந்தக் கடையை மறந்துவிடக் கூடாது. காகிதத்தின் மதிப்பு அவருக்குத் தெரிந்த அளவு ஓவியக் கல்லூரியில் மட்டும் படித்தவருக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

முதலில் புகைப்படக் கலை கற்றார். 1915இல் வியன்னாவின் கைவினைக் கலைப் பள்ளியில் சேர்ந்து ஃபிரான்ஸ் சிஷெக்கின் வகுப்புக்குப் போனார். சிஷெக் சாதாரண ஆசிரியர் அல்ல. 1897 முதலே குழந்தைகளுக்கென்று தனி ஓவிய வகுப்பு நடத்தியவர். குழந்தையின் படம் பெரியவர் படத்தின் அரைகுறை வடிவம் இல்லை, அதற்குத் தனி இலக்கணம் உண்டு என்று அடித்துச் சொன்னவர். அச்சுப்படத்தைப் பார்த்து அப்படியே வரைவதுதான் ஓவியப் பாடம் என்றிருந்த காலத்தில் இது பெரிய கலகம்.

அடுத்த ஆண்டே யோஹன்னஸ் இட்டன் வியன்னாவில் நடத்திய தனியார் பள்ளிக்கு மாறினார். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இட்டன் சுவிட்சர்லாந்துக்காரர். ஓவியராவதற்கு முன் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். அவர் வகுப்பு பென்சிலில் தொடங்காது, மூச்சில் தொடங்கும். மாணவர்கள் எழுந்து நின்று மூச்சை இழுத்து விட வேண்டும், கைகால்களைத் தளர்த்த வேண்டும், பிறகு ஒரு தாளகதிக்கு ஏற்பக் கோடு இழுக்க வேண்டும். உடம்பில் ஓடாத அசைவு கோட்டில் ஓடாது என்பது அவர் கணக்கு. அதன் பிறகு முரண்கள்: பெரியது சிறியது, சொரசொரப்பு வழவழப்பு, ஒளி இருள். அதற்கும் பிறகு பழைய பெரும் ஓவியர்களின் படங்களை எடுத்துவைத்து, கதையை விட்டுவிட்டு, எந்தக் கோடு எங்கே ஓடுகிறது, இருட்டு எங்கே குவிகிறது என்று பிரித்துப் பார்த்தல்.

அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. பச்சை அட்டைப் புத்தகத்தின்மேல் எலுமிச்சம்பழங்களை வைத்து வரையச் சொன்னாராம். இதென்ன பிரமாதம் என்று மாணவர்கள் நான்கு வட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். இட்டன் பேசாமல் பழத்தை நறுக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். பல் கூசியதும், இப்போது சொல்லுங்கள், எலுமிச்சையை வரைந்துவிட்டீர்களா என்றார். எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினார்கள்.

1919இல் இட்டன் ஜெர்மனியின் வைமார் நகரில் புதிதாகத் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக்குப் போனபோது வியன்னா மாணவர்கள் சிலரும் பின்னாலேயே போனார்கள். அவர்களில் ஃப்ரீடிலும் ஒருவர். அங்கே 1923 வரை இருந்தார். நெசவு, அச்சு, புத்தகக் கட்டுமானம் என்று பட்டறை பட்டறையாகக் கைவைத்தார். ஓவியர் பால் கிளேயின் பாடங்களைக் கேட்டார். 1921இல் இட்டன் வெளியிட்ட தொகுப்பு ஒன்றின் எழுத்து அலங்காரம் இவர் கைவண்ணம். பள்ளியை நிறுவிய வால்டர் குரோப்பியஸ் 1931இல் கொடுத்த சான்றிதழில், இவருடைய திறமை அரியது, பல துறைகளில் ஓடக்கூடியது, முதல் ஆண்டிலேயே புதியவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு இவருக்குத் தரப்பட்டது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். மாணவியாக உள்ளே வந்த ஆண்டே ஆசிரியை. பிள்ளையில்லாத ஏக்கத்தால்தான் அவர் பிற்காலத்தில் குழந்தைகள் பக்கம் திரும்பினார் என்று எழுதுபவர்கள் இந்தச் சான்றிதழை இன்னொரு முறை படிக்கலாம்.

மடியும் கட்டில்கள்

பௌஹவுஸுக்குப் பிறகு, உடன்படித்த ஃபிரான்ஸ் சிங்கருடன் சேர்ந்து பெர்லினில் ஒரு பட்டறை, பின்னர் வியன்னாவில் ஒரு வடிவமைப்பு நிலையம். வீடு, கடை, டென்னிஸ் சங்கக் கட்டடம், மேசை, விளக்கு, திரைச்சீலை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சிங்கரும் டிக்கரும் செய்த அறைகலன்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: ஒரு பொருள் ஒரே வேலையோடு நிற்காது. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஓரம் போகும். கட்டில் மடிந்து மறையும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வியன்னாவில் வீடுகள் சிறியவை, இடம்தான் ஆடம்பரம்.

அவர்கள் செய்தவற்றில் இந்த ஆய்வுக்கு வேண்டியது ஒன்றுதான். கோய்தேஹோஃப் என்ற நகராட்சிக் குடியிருப்பில், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1930களின் தொடக்கத்தில் அமைத்த மாண்டிசோரி பாலர் பள்ளி. குழந்தையின் கை எட்டும் உயரத்தில் எல்லாம். பகல் தூக்கத்துக்குப் படுக்கை விரியும், தூங்கி எழுந்ததும் அதே இடம் விளையாடுமிடம். இருக்கும் சிறு இடத்தைக் குழந்தையின் தேவைக்கு எப்படி மாற்றியமைப்பது என்பதை அவர் முகாமில் கற்றுக்கொள்ளவில்லை. வியன்னாவிலேயே அது அவருக்குத் தொழிலாக இருந்தது. 1931 முதல் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

பிறகு அரசியல். ஃப்ரீடில் கம்யூனிஸ்ட். பாசிசத்தையும் முதலாளித்துவத்தையும் தாக்கி, வெட்டி ஒட்டிய புகைப்படங்களால் சுவரொட்டிகள் செய்தார். அவற்றில் ஒன்றின் நடுவே ஒரு கைக்குழந்தை. நீ பிறந்து வந்திருக்கும் உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று அந்தக் குழந்தையிடம் சொல்கிற வாசகத்தோடு, சுற்றிலும் போரும் பசியும். 1934இல், தோழர்களுக்குப் போலிக் கடவுச்சீட்டு தயாரிக்க உதவினார் என்று கைதானார். சிறையிலிருந்து வெளிவந்ததும் ப்ராகுக்குப் போய்விட்டார்.

ப்ராகில் அவர் ஓவியமே மாறிப்போனது. சுவரொட்டியின் கூர்மை போய், ஜன்னல் வழியே தெரியும் தெரு, மேசைமேல் பொருட்கள், தெரிந்தவர் முகங்கள் என்று உருவச் சித்திரத்துக்குத் திரும்பினார். விசாரணை அறையை நினைவிலிருந்து வரைந்த படங்களும் இக்காலத்தவைதான். சிலர் இதைப் பின்வாங்கல் என்பார்கள். பெரிய முழக்கங்கள் தோற்றுப்போன பிறகு, கண்முன் இருக்கும் ஒரு கிண்ணத்தை ஒழுங்காகப் பார்க்க முடிகிறதா என்று தன்னையே சோதித்துக்கொள்ளும் ஓவியரை நான் அங்கே காண்கிறேன்.

இதே ஊரில்தான், ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பிக்கத் தொடங்கினார். வியன்னாவில் இவரிடம் படித்த எடித் கிரேமர் என்ற இளம்பெண் பின்தொடர்ந்து வந்து உதவியாக இருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பிறகு வருவோம். 1936இல் உறவினர் பாவெல் பிராண்டைஸை மணந்தார். 1938இல் இருவரும் ஹ்ரோனொவ் என்ற சிற்றூருக்குப் போய்த் துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பாலஸ்தீனம் செல்ல ஃப்ரீடிலுக்கு விசா கிடைத்தது. கணவருக்குக் கிடைக்கவில்லை. ஃப்ரீடிலும் போகவில்லை. நாஜி ஆக்கிரமிப்புக்குப் பிறகு வேலை போனது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சிறிய வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. 1940 ஆகஸ்டில் லண்டனில் அவர் ஓவியங்களின் காட்சி நடந்தது. படங்கள் கடல் தாண்டிவிட்டன, வரைந்தவரால் ஊர் தாண்ட முடியவில்லை.

களம்

தெரசீன், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ஜோசப் மன்னர் தன் தாய் மரியா தெரேசாவின் பெயரில் கட்டிய கோட்டை நகரம். சில ஆயிரம் பேர் வாழ்ந்த இடத்தை 1941 நவம்பரில் நாஜிகள் யூதர்களை அடைக்கும் முகாமாக்கினார்கள். 1942 செப்டம்பரில் அங்கே 58,000 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே கொலை முகாம்களுக்குப் போகும் ரயில்களுக்கு அது இடைநிலையம்.

ஃப்ரீடிலும் பாவெலும் 1942 டிசம்பர் 17 அன்று வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான் அனுமதி. அந்த எடையில் அவர் வண்ணங்களையும் காகிதத்தையும் திணித்துக்கொண்டார். படுக்கை விரிப்புகளுக்குச் சாயமேற்றி எடுத்துப் போனதாக ஒரு தோழி நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தைகள் நாடகம் போட்டால் பச்சை விரிப்பு காடாகும் என்பது திட்டம். மடியும் கட்டிலைச் செய்தவருக்கு விரிப்பு காடாவது இயல்பான யோசனைதான்.

முகாமின் உள்நிர்வாகம் யூத மூப்பர் குழுவிடம் இருந்தது. அவர்கள் குழந்தைகளைப் பெரியவர்களின் பட்டாள அறைகளிலிருந்து பிரித்துத் தனி விடுதிகளில் வைத்தார்கள். சிறுமியர் விடுதிக்கு எல் 410 என்று பெயர். பெயர்கூட இல்லை, கட்டட எண். ஒரு அறையில் முப்பது பேர்வரை, மூன்றடுக்குப் பலகைக் கட்டிலில். முறையான பள்ளிப் பாடம் தடைசெய்யப்பட்டிருந்தது. பாட்டு, கைவேலை, படம் வரைதல் போன்றவை பொழுதுபோக்கு என்ற கணக்கில் தப்பின. கணக்கும் வரலாறும் ஒளித்து நடந்தன, ஓவியம் வெளிச்சத்தில் நடந்தது. ஒரு சர்வாதிகாரம் ஓவியத்தை ஆபத்தில்லாததென்று எண்ணியதால் கிடைத்த சந்து அது.

வகுப்பு

முதலில் காகிதம். கொண்டுவந்தது எத்தனை நாளைக்கு வரும்? முகாம் அலுவலகங்களில் வீணான படிவங்கள், வரைபடத் தாள்களின் பின்பக்கம், பொட்டலம் கட்டிய தாள், எது கிடைத்தாலும் வந்தது. ஒரே தாளின் இரு பக்கமும் பயன்பட்டன. எஞ்சியிருக்கும் ஒட்டுச்சித்திரங்களைப் பார்த்தால், கணக்குப் பேரேட்டின் கட்டங்களும் அச்சடித்த எழுத்துகளும் கிழிபட்டு மலையாக, கூரையாக மாறியிருப்பது தெரியும். அச்சடித்த வரிகள் குறுக்கே போனால் ஒரு அமைதி, சாய்ந்தால் ஒரு பதற்றம். குழந்தைகள் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வேறு காகிதம் இல்லாததால் நேர்ந்த சமாளிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கிடைத்த பொருளின் சொரசொரப்பையும் வழவழப்பையும் வைத்தே படம் அமைக்கும் இந்தப் பயிற்சி இட்டனின் அடிப்படை வகுப்பில் அப்படியே உண்டு.

இரண்டாவது, தாளம். ஆசிரியை தட்டுவார், பேசுவார், குரலை ஏற்றி இறக்குவார். குழந்தைகளின் கை அந்தக் கதியில் தாளின்மேல் ஓட வேண்டும். சுழல், வளையம், அலை. புயலை வரை, மாலையை வரை என்பதுபோன்ற கட்டளைகளைத் தப்பிப்பிழைத்த மாணவிகள் நினைவு வைத்திருந்தார்கள். மரத்தை வரை என்றால் குழந்தை பழக்கப்பட்ட மரத்தைப் போட்டுவிடும். நம்மூர்ப் பள்ளிகளில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை என்று தலைமுறை தலைமுறையாக வருகிறதே, அதுபோல. புயலுக்கு அப்படி ஒரு தயார் உருவம் கிடையாது. உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உற்றுப் பார்த்தல். ஒரு குடுவை, ஒரு மரச்செருப்பு, கிடைத்தால் ஒரு பூ. மேசைமேல் வைத்து வரைவார்கள். பெரும் ஓவியர்களின் பிரதிகளைக் காட்டி, ஒளி எங்கே விழுகிறது, உருவங்கள் எப்படி நிற்கின்றன என்று வெட்டிய காகிதத்தால் அந்த அமைப்பை மீண்டும் கட்டச் சொன்னார். பசித்த பிள்ளைகளுக்கு இது தேவையா என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. படங்களைப் பார்க்கப் பார்க்க விடை மெல்லப் புரிந்தது: ஒரு மணி நேரம் ஒரு குடுவையைப் பார்ப்பது என்றால், ஒரு மணி நேரம் உலகில் ஏதோ ஒன்று நின்ற இடத்தில் நிற்கிறது. நாளை யார் இருப்பார், எந்தக் கட்டில் காலியாகும் என்று தெரியாத அறையில் அது சின்ன விஷயமில்லை.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது பெயர். படம் முடிந்ததும் ஓரத்தில் உன் பெயரை எழுது. பலவற்றில் அறை எண்ணும் வகுப்பு நேரமும்கூட இருக்கின்றன. முகாமுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் போக்குவரத்துப் பட்டியலில் ஒரு எண் உண்டு. குழந்தைகளும் எண்கள்தான். வாரத்தில் சில மணி நேரம், ஒரு தாளின் மூலையில், அவர்கள் பெயர்களாக இருந்தார்கள். அதை அவர் எந்த நோக்கத்தில் செய்யச் சொன்னார் என்று கவித்துவமாகப் பேசலாம்தான். ஒரு ஆசிரியையின் சாதாரணத் தேவையும் அதில் இருந்திருக்கும். யார் எப்படி வளர்கிறார் என்று அறிய, யார் படம் எது என்று தெரிய வேண்டுமல்லவா?

1943 ஜூலையில், விடுதிகள் தொடங்கிய ஆண்டு நிறைவையொட்டி முகாமின் கல்வியாளர்கள் கூடியபோது, குழந்தை ஓவியம் பற்றி ஃப்ரீடில் ஒரு உரை நிகழ்த்தினார். அது எழுத்தில் எஞ்சியிருக்கிறது. இந்த வகுப்புகள் எல்லாப் பிள்ளைகளையும் ஓவியராக்க நடப்பவை அல்ல, படைப்பாற்றலையும் தன்னிச்சையையும் கற்பனையையும் கவனிக்கும் திறனையும் அவிழ்த்துவிட நடப்பவை என்றார். குழந்தைகளைத் தங்களைப்போல ஆக்கிவிடப் பெரியவர்கள் ஏன் இத்தனை அவசரப்படுகிறார்கள், நம்மைக் கண்டு நமக்கே அவ்வளவு திருப்தியா என்று கேட்டார். குழந்தைப் பருவம் வளர்ந்தவராவதற்கான முன்னறை இல்லை என்பது அவர் வாதம். இதை ஒரு வதைமுகாமில், சக கைதிகளான ஆசிரியர்களிடம் சொன்னார். உரையில் அழுகை கிடையாது. எந்த வயதில் எந்தப் பயிற்சி, எப்போது உதவ வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்ற தொழிற்பேச்சு அது.

ஒரு சங்கடமான கேள்வி

தெரசீனில் வேறு ஓவியர்களும் இருந்தார்கள். பெத்ரிச் ஃபிரிட்டா, லியோ ஹாஸ், ஓட்டோ உங்கர் போன்றோர் முகாமின் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பட்டினியையும் பிணவண்டிகளையும் ரகசியமாக வரைந்தார்கள். 1944 ஜூலையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார்கள். ஃபிரிட்டா ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் இறந்தார். ஹெல்கா வைஸ்ஸோவா என்ற சிறுமி பனிமனிதனை வரைந்து அப்பாவுக்கு அனுப்பியபோது, நீ பார்ப்பதை வரை என்று அவர் பதில் எழுதினார். அந்தப் பெண் அன்று முதல் முகாம் வாழ்க்கையை வரைந்தாள். உயிர்பிழைத்துத் தொழில்முறை ஓவியருமானார்.

ஃப்ரீடில் இந்த வழியில் போகவில்லை. தெரசீனில் அவரே வரைந்தவையும் பெரும்பாலும் பூக்கள், நிலக்காட்சிகள், முகங்கள். குழந்தைகளிடம் முகாமை வரை என்றும் சொல்லவில்லை, வரையாதே என்றும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த 4,500இல் வீடும் தோட்டமும் தேவதைக் கதைகளும் அதிகம். கட்டில், காவலர், சவ ஊர்வலம், தூக்குமரம் குறைவு, ஆனால் உண்டு.

கண்முன் கொடுமை நடக்கையில் பூச்சாடி வரைவது தப்பித்தல் இல்லையா? சாட்சியம் சொல்வதே கலையின் கடமை என்று நினைப்பவருக்கு இது உறுத்தும். நான் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்துவிட்டு ஒரு இடத்தில் நிற்கிறேன். ஃபிரிட்டா பெரியவர், ஆபத்தைத் தெரிந்து ஏற்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சாட்சியை ஒரு பாடமாகக் கேட்க ஆசிரியருக்கு உரிமை கிடையாது. அந்தப் பிள்ளை தானாகக் கட்டிலை வரைந்தால், கட்டிலின் செங்குத்துக் கோடுகளைச் சரியாகப் பார்க்கக் கற்றுத்தரலாம். ஃப்ரீடில் அவ்வளவுதான் செய்தார். ஹெல்காவின் அப்பா சொன்னது தன் மகளிடம். அது வேறு உறவு.

முடிவுகளை எப்படி அளப்பது

எந்த ஆய்விலும் கடைசியில் விளைவு என்று ஒரு பகுதி வரும். இங்கே அது உடைந்துபோகிறது. 1944 செப்டம்பர் 28இல் தொடங்கி ஒரே மாதத்தில் 11 ரயில்கள் சுமார் 18,000 பேரைத் தெரசீனிலிருந்து ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோயின. முதல் ரயிலில் பாவெல் இருந்தார். கணவர் போன இடத்துக்கே தானும் போகிறேன் என்று ஃப்ரீடில் தானாகப் பெயர் கொடுத்தார். படங்களைப் பெட்டிகளில் அடுக்கி விடுதியில் விட்டுவிட்டு அக்டோபர் 6 அன்று ரயிலேறினார். அவரிடம் படித்த பிள்ளைகள் பலரும் அதே ரயிலில் இருந்தார்கள். அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவில் கொல்லப்பட்டார். வயது 46. பாவெல் உயிர்பிழைத்தார்.

படங்களில் பெயருள்ள குழந்தைகள் ஏறத்தாழ 660 பேர். அவர்களில் சுமார் 550 பேர் கொல்லப்பட்டார்கள். வகுப்பால் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு எழுத ஆளில்லை. மிஞ்சியவர்களில் சிலர், முதுமையிலும், அந்த மணி நேரத்தில் முகாம் மறந்துபோயிற்று என்றும், அவர் எப்படிப் பார்க்கச் சொன்னார் என்பதுமே நினைவில் நிற்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் நினைவை மட்டும் வைத்து முறையின் வெற்றியை நிறுவ முடியாது. சான்று என்று திடமாக இருப்பவை படங்கள்தான். ஒரே பெயருள்ள படங்களை நாள்வரிசையில் வைத்தால் தயங்கிய கோடு உறுதிப்படுவதும், தாளின் நடுவே ஒண்டிக்கிடந்த உருவம் தாள் முழுக்கப் பரவுவதும் தெரிகின்றன. பிறகு ஒரு மாதத்தில் அந்தப் பெயர் நின்றுவிடுகிறது.

முறை வேறு வழியில் தப்பியது. எடித் கிரேமர் 1938இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1950 முதல் ஏழு ஆண்டுகள் நியூயார்க் அருகே வில்ட்விக் பள்ளியில், மனக்காயமும் முரட்டுத்தனமும் கொண்ட சிறுவர்களுக்கு ஓவியம் கற்பித்தார். அந்த அனுபவத்தை 1958இல் நூலாக எழுதினார். கலைவழிச் சிகிச்சை என்ற துறையின் முன்னோடிகளில் ஒருவராக இன்று அறியப்படுகிறார். அகதிக் குழந்தைகளின் படங்களில் அச்சம் எப்படி வெளிப்படுகிறது, அதே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைவது, சின்னப்பிள்ளைக் கிறுக்கலுக்குப் பின்வாங்குவது, கொடியவனின் உருவத்தையே தனதாக்கிக்கொள்வது என்பதையெல்லாம் முதலில் கண்டது ப்ராகில் ஃப்ரீடிலின் பக்கத்தில் நின்றபோதுதான் என்று அவர் சொன்னார். சிகிச்சையாளர்கள் பலர் படத்தை நோயின் அறிகுறியாகப் படித்துவிட்டு ஓரம் வைப்பார்கள். கிரேமர் அதற்கு ஒப்பவில்லை. படம் நல்ல படமாக வர வேண்டும், அதற்குக் குழந்தைக்குக் கைத்தொழில் தெரிய வேண்டும், குணமாவது அந்தப் பாடுபடுதலில் இருக்கிறது என்று பிடிவாதமாக நின்றார். எலுமிச்சையை நறுக்கிக் கொடுத்த இட்டனின் குரல் ஃப்ரீடில் வழியாக அமெரிக்கச் சிறுவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். ப்ராகில் படித்த இன்னொரு சிறுவன் கியோர்க் ஐஸ்லர் வியன்னாவின் முக்கிய ஓவியர்களில் ஒருவரானார்.

பெட்டிகள் பிற்பாடு ப்ராக் யூத அருங்காட்சியகத்தின் சொத்தாயின. அந்தத் தொகுப்பிலிருந்து சில, நகரின் பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் மாடியில் காட்சிக்கு இருக்கின்றன. கீழே சுவர் முழுக்க, செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதிகளைச் சேர்ந்த, கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. மேலே போனால் படங்கள். ஓரத்துப் பெயர்களைப் போக்குவரத்துப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, இந்தப் புல்வெளியை வரைந்தவள் எப்போது பிறந்தாள், எந்த நாளில் எந்த ரயிலில் ஏற்றப்பட்டாள் என்று அருங்காட்சியகத்தார் கண்டுபிடித்தார்கள். ஓரத்தில் எழுதாதிருந்தால் அது நடந்திருக்காது.

ஃப்ரீடில் மட்டும் தன் ஓவியங்களில் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டதில்லை. இன்று ஆராய்ச்சியாளர்கள் கோட்டின் போக்கையும் வண்ணத்தின் பூச்சையும், எந்தத் தோழி எந்தப் படத்தை வைத்திருந்தார் என்பதையும் வைத்து, இது அவருடையது, இது இல்லை என்று தேறிக்கொண்டிருக்கிறார்கள்.